67ஆ, 61ஆ? மெர்சென் பட்டியலில் ஒரு பாட ஆராய்ச்சி

பழைய நூலொன்றில் பொருந்தாத பாடம் காணப்படின், அஃது ஏடெழுதினோர் பிழையோ, ஆசிரியர் கூற்றோ எனத் துணிவது பதிப்பாசிரியரின் முதற் கடமையாகும். இவ்வினா இலக்கிய நூல்கட்கே உரியதன்று. 21 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணின் வரலாறும் இதனை எழுப்புகின்றது.

பிரான்சு நாட்டுத் துறவியாகிய மெர்சென், 1644இல் வெளியிட்ட நூலொன்றில் நிறைவெண்களைப் பற்றிக் கூறினார். தன்னை ஒழிந்த வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்ணே நிறைவெண். 6, 28 என்பன போல்வன. இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துப் பெறும் எண் பகா எண்ணாயின், அதனின்று ஒரு நிறைவெண் கிடைக்கும் என்பது யூக்ளிடு நிறுவியது. 257 வரையுள்ள அடுக்குகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்னும் பதினொன்றே அத்தகைய பகா எண் தரும் என்பது மெர்சென் கொள்கை. அதற்கு அவர் நிறுவல் தந்திலர்.

இவ்வெண் பகா எண்ணாதற்கு அடுக்கும் பகா எண்ணாதல் வேண்டும். ஆயின் அது மட்டும் போதாது. 11ஆம் அடுக்கு தரும் 2047, 23ஐயும் 89ஐயும் பெருக்க வருவதாம்.

67ஆம் அடுக்கு தரும் எண் 14,75,73,95,25,89,67,64,12,927 ஆகும். இது பகா எண்ணன்று என 1876இல் லூக்காசு காட்டினார். எனினும் அதன் காரணிகள் அவர் முறையால் வெளிப்பட்டில. 1903இல் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தில் கோல் என்பார் அவற்றை வெளியிட்டார். 19,37,07,721, 7,61,83,82,57,287 என்பனவே அவை. ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையில் பெருக்கிக் காட்டி அமர்ந்தார் என்பர். இத்தகைய எண்ணின் காரணி எதுவாயினும், அதில் ஒன்று குறைக்க அடுக்கின் இருமடங்கால் மீதமின்றி வகுபடும் என்பது விதி. முதற் காரணியில் ஒன்று குறைத்து 134ஆல் வகுப்பின் 14,45,580 வருதல் காண்க.

இனி, பாடம் பற்றிய வினா. 61ஆம் அடுக்கு பகா எண் தருவதை 1883இல் உருசிய நாட்டுப் பெர்வூசின் நிறுவினார். பட்டியலில் 61 இல்லை, 67 உளது. ஆதலின் 61 என்பதே 67 என அச்சில் பிறழ்ந்தது என்று சிலர் கருதினர். ஓர் இலக்கத்தைத் திருத்த இரு குற்றங்கள் ஒருங்கே நீங்குதலின் இக்கருத்து கவர்ச்சியுடையதே.

ஆயின் பட்டியல் முழுவதையும் நோக்குதல் வேண்டும். 89, 107 என்னும் அடுக்குகளும் பகா எண் தருவன என முறையே 1911, 1914ஆம் ஆண்டுகளில் அறியப்பட்டது. அவ்விரண்டும் பட்டியலில் இல. 257ஆம் அடுக்கு தருவது பகா எண்ணன்று எனவும் 20ஆம் நூற்றாண்டில் தெளிந்தனர். எனவே 67ஐ 61 எனத் திருத்திய பின்னும் மூன்று குற்றங்கள் எஞ்சும். அவற்றை அச்சுக்கோத்தோர் மேல் ஏற்றுதல் இயலாது. பிறவிடத்தும் வழுவிய ஆசிரியர் இவ்விடத்தும் வழுவியிருத்தல் கூடும் என்பதால், அத்திருத்தம் கொள்ளத்தக்கதாயினும் கட்டாயமானதன்று.

உண்மையோடு பொருந்துவது ஒன்றனாலேயே ஒரு பாடம் ஆசிரியர் பாடமாகிவிடாது. எண் பகா எண்ணா என்பதைக் கணிதம் முடிவு செய்யும். ஆசிரியர் எழுதியது எது என்பதை நூற்சான்றே முடிவு செய்தல் வேண்டும். இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்ளாமையே பதிப்புநெறியாம்.