கயிற்றில் ஒட்டிப் போன மணல்

நம் மணவாளக்குறிச்சி மணலின் கதை மலையில் தொடங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் பொடிந்து ஆறுகளின் வழியே கடலைச் சேர்கின்றன. கடியப்பட்டணத்தில் கடலில் கலக்கும் வள்ளியாறும் அப்படிச் சுமந்து வருவதுதான். ஆனி, ஆடி மாதக் கடல் அலைகளில் இலேசான வெண்மணல் அரித்துப் போக, கனமான கருமணல் கரையில் பட்டை பட்டையாகத் தங்கும். ஒரு பிடி அள்ளி வெயிலில் பாருங்கள். இல்மனைட்டின் கருமைக்கு நடுவே கார்னெட் சிவக்கும்; மோனசைட் தேன் நிறத்தில் மின்னும்.

அந்தத் தேன் நிறத் துகளே நமக்கு ஆதி. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற வேதியியலாளர் ஆராய்ந்தார். 1909இல் அதன் பிறப்பிடம் நம் கரை என்று கண்டார். அக்காலக் கேஸ் விளக்கில் ஒளிரும் மேண்டில் வலைக்குத் தோரியம் தேவைப்பட்டது. அது மோனசைட்டில் இருக்கிறது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இங்கே ஆலை எழுந்தது. இந்தியாவில் கடற்கரைக் கனிமத் தொழில் பிறந்த இடம் இதுவே.

முதல் உலகப் போரில் ஜெர்மானியர் வெளியேற, தொழில் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. மின்விளக்கு வந்து மேண்டிலின் தேவை குறைந்தபோதும் ஆலை நிலைத்தது. வெள்ளைப் பெயின்டுக்கான டைட்டானியம் இல்மனைட்டில் இருந்ததே காரணம்.

1950இல் இந்திய அருமண் நிறுவனம் பிறந்தது. மோனசைட்டிலிருந்து அருமண் பிரிக்கும் ஆலுவா ஆலையை 1952இல் நேரு திறந்து வைத்தார். 1956 நவம்பர் 1இல் நம் ஊர் அடங்கிய குமரி தமிழகத்தோடு இணைந்தது. இதேபோல் கடற்கரை மணலைப் பிரிக்கும் சவறா ஆலை கேரளத்தில் நின்றது. எல்லை பிரித்த இவ்விரு மணல் ஆலைகளையும் 1960களில் அந்நிறுவனமே ஏற்று ஒரு குடும்பமாக்கியது.

மணலிலிருந்து கனிமங்களைப் பிரிக்கும் வேலை நுட்பமானது. இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும். அதே மணலில் உள்ள ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், சிர்க்கான் கடத்தாது; மின்னழுத்த உருளையில் அவை வேறு வேறு பக்கம் விழும். இயந்திரங்கள் பெருகாத காலத்தில் இம்மணலை மண்வெட்டியால் வாரித் தலைச்சுமையாய்ச் சுமந்தவர்கள் இந்தக் கரையின் மக்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை என்பதால் இங்கே கைகூப்புகிறோம்.

2004 டிசம்பர் 26 காலையில் அதே கடல் சுனாமியாக ஊருக்குள் ஏறியது. குளச்சல், கொட்டில்பாடு, மணவாளக்குறிச்சி: அன்று அலை வாரிக்கொண்டு போனவர்களில் மணல் சுமந்த அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள்.