மர உருண்டையும் கடைசற் கலையும்

நவராத்திரி நாட்களில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழர் இல்லங்களில் கொலுப்படிகள் எழுகின்றன. தெய்வ உருவங்களின் அடியில் மரச் சொப்புகள் சில இடம் பெறுவதுண்டு. சிறு குடம், சிறு உரல், சிறு அம்மி என நம் சமையலறை முழுவதும் அங்கே குறுகி நிற்கும். இச்சொப்புகளுக்குப் பேர்போன ஊர் தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரம். முன்னோர் நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவியில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு அவ்வூர்ப் பெயர் புதியதன்று. அச்சொப்புகளை உருவாக்கும் கலைக்குக் கடைசல் என்று பெயர். அக்கலையில் கடினமான வடிவம் ஒன்று உண்டு. அதுவே உருண்டை.

தமிழில் தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். இரண்டிற்கும் ஒரே சொல் அமைந்ததில் பொருத்தம் இருக்கிறது. மத்திற் சுற்றிய கயிற்றை முன்னும் பின்னும் இழுத்தால் மத்து சுழலும். பழைய கடைசற் பட்டறையிலும் கட்டையைச் சுற்றிய கயிற்றையோ வில் நாணையோ அவ்வாறே இழுத்தனர். கட்டை ஒரு திசையில் சுழலும்போது மட்டுமே உளி வெட்டும். மறுதிசையில் சுழலும்போது கைவினைஞர் உளியைச் சற்றே விலக்கிக்கொள்வார். இடையறாது ஒரே திசையிற் சுழலும் லேத் இயந்திரம் பின்னர் வந்தது.

குடமும் உரலும் சிறிது பருத்தாலும் சிறுத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. உருண்டையோ எள்ளளவு பிழையையும் மறைக்காது. பெண்பாற் பிள்ளைத்தமிழ் தனிப் பருவமாகவே போற்றும் அம்மானை ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். மேலே எறிந்த காய் கையில் ஒழுங்காக வந்து அமைய வேண்டுமானால், அது எப்பக்கமும் ஒத்திருத்தல் வேண்டும் அன்றோ?

கணித மேதைகளுக்கும் உருண்டை எளிதாக வசப்படவில்லை. தன் உயரமும் விட்டமும் சமமான உருளையில் மூன்றில் இரு பங்கே அதனுள் அடங்கும் உருண்டை என்பதைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் நிறுவினார். நம் நாட்டில் கி.பி. 499இல் ஆரியபடர் தந்த கன அளவு விதி சரியாக அமையவில்லை. 1150இல் லீலாவதி இயற்றிய பாஸ்கராசாரியார் சரியான விதியை உரைத்தார். கடைசற்காரருக்கு இவ்விதி சீவலாகக் கண்முன் குவிகிறது. உருளையிலிருந்து தொடங்கினால் மூன்றில் ஒரு பங்கு மரமும், சதுரக் கட்டையிலிருந்து தொடங்கினால் ஏறத்தாழப் பாதி மரமும் சீவலாகிவிடும்.

கையால் உருண்டை கடையும் முறையை நோக்குவோம். முதலில் நீளமும் விட்டமும் சமமான உருளை ஒன்றைக் கடைந்து, நடுவே ஒரு கோடு இடுவர். இரு முனை விளிம்புகளையும் சாய்வாகச் சீவி, பக்கவாட்டில் எண்கோணமாகத் தோன்றச் செய்வர். பின்னர் மூலைகளை மழுக்குவர். அதன்பின் கட்டையைத் திருப்பி, நடுக்கோடு குறுக்கே வருமாறு இரு மரக் கிண்ணங்களுக்கு இடையே பிடித்து மீண்டும் சுழற்றுவர். மேடான பகுதி சுழலும்போது நிழல்போல் மங்கலாகத் தோன்றும். அந்நிழல் மறையும்வரை சீவுவதே வித்தை. இதற்குக் கண்ணும் கையும் பல்லாண்டு பழக வேண்டும்.

இப்பயிற்சியின் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும் துணைக்கருவியைப் பட்டறைகளில் ஜிக் என்பர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லி, உளியைக் கையிற் பிடிக்காமல் நகரும் தாங்கியிற் பொருத்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். தாங்கி நேர்கோட்டிற் சென்றால் உருளை கிடைக்கும். வட்டமாகத் திரும்பினால் உருண்டை கிடைக்கும். உருண்டையின் மையம் அமையும் இடத்துக்கு நேர் கீழே ஒரு முளையை நிறுத்தி, அதைச் சுற்றி உளி திரும்புமாறு செய்வதே இந்த ஜிக். முளையின் அச்சிலிருந்து உளிமுனை எவ்வளவு தூரமோ, அதுவே உருண்டையின் ஆரம். முளை மயிரிழை விலகினாலும் எலுமிச்சை வடிவமோ ஆப்பிள் வடிவமோ வந்துவிடும். ஜி.ஐ.பி. ரயில்வே 1915இல் மாட்டுங்காவில் நிறுவியது போன்ற பெரிய பணிமனைகளில் லேத்துடன் பழகியவர்களுக்கு இத்தத்துவம் எளிதில் விளங்கும்.

அவ்வாறாயின் கைவினைஞர் வேண்டாதவர் ஆகிவிட்டாரா? இல்லை. கட்டையைப் பிடித்திருக்கும் முனைக்கு ஜிக்கின் உளி எட்டாது. அங்கே எஞ்சும் காம்பை நறுக்கி, கிண்ணங்களில் ஏற்றிக் கையாலேயே முடிக்க வேண்டும். மேலும், மரம் இரும்பன்று. ஈரம் உலரும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். குறுக்குத் திசையில் குறைவாகச் சுருங்கும். நீளவாக்கில் மிகச் சொற்பமாகவே சுருங்கும். ஆதலின் பச்சை மரத்தில் எத்துணைத் துல்லியமாகக் கடைந்தாலும், சில திங்களில் அது முட்டைபோல் ஆகிவிடும். எந்த மரம், எப்போது அறுத்தது, எவ்வளவு உலர்ந்தது என்பதை ஜிக் அறியாது, மனிதரே அறிவார். கடைந்த பின்னும் வேலை உண்டு. சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படியும். அதனைச் சன்னபட்டணத்தில் தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுகின்றனர்.

ஜிக் இக்கலையின் பகையன்று. தேர்ந்த கையின் நினைவை இரும்பில் பதித்து வைத்த கருவி அது. கடைசலுக்கு நேர்ந்த பெரிய இடர், அச்சில் வார்த்த மலிவான பிளாஸ்டிக் பொம்மையே. வாங்குவோர் குறைந்தால் பட்டறையில் இளைஞர் அமரமாட்டார். மரத்தை அறிந்த அறிவு, அதனைக் கற்க ஒருவர் இல்லாதபோது மறைந்துவிடும்.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் செய்யத்தக்கது எளிது. சொந்த ஊர் சென்று திரும்பும்போது ஒரு சொப்புப் பெட்டியையோ, அம்மானைக் காய்களையோ வாங்கி வரலாம். குழந்தையின் கையில் ஓர் உருண்டையையும், அதைவிடச் சற்றுச் சிறிய வளையல் ஒன்றையும் கொடுங்கள். வளையலின்மீது உருண்டையை வைத்து, எப்பக்கம் திருப்பினாலும் இடையே வெளிச்சம் தெரியவில்லையெனில், அதனைக் கடைந்தவர் தம் தொழிலில் தேர்ந்தவர் என்று சொல்லிக் கொடுங்கள்.