தூத்துக்குடி – கொழும்பு கப்பல் புறக்கணிப்பு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடி – கொழும்பு கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கையில் இருந்தது. அதன் உள்ளூர் முகவர்கள் கோரல் மில்லை நடத்திய ஹார்வி நிறுவனத்தார்.

இதற்கு மாற்றாக வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவர். முதலில் கப்பலை வாடகைக்குத் தந்த ஷா லைன், ஆங்கிலக் கம்பெனியின் நெருக்குதலால் பின்வாங்கியது. 1907இல் காலியா, லாவோ என்னும் சொந்தக் கப்பல்கள் வந்தன. காலியாவில் 1,300 சாதாரணப் பயணிகள் செல்லலாம்.

மக்கள் ஆங்கிலேயர் கப்பலை ஒதுக்கினர். அக்கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா ஆக்கியது. பிறகு ஆங்கிலக் கம்பெனி இலவசப் பயணம் என்றது, குடையும் தருவதாகச் சொன்னது. சாத்தான்குளம் பக்கத்துப் பள்ளிகளில் இப்பாடம் நடத்தும்போது குடைக்குத்தான் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அன்று எட்டணா சாமானியருக்குச் சிறு காசு அன்று. சும்மா போகக்கூடிய கப்பலை விட்டு, காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள்.

விலைப்போட்டியில் நட்டத்தைத் தாங்கும் பலம் ஆங்கிலக் கம்பெனிக்கு இருந்தது. சுதேசிக் கம்பெனிக்கு இல்லை. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அவர் சிறையில் இருக்கும்போதே காலியா கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது.