பட்டுப்பூச்சியின் குளிர்காலத் தூக்கம்

நம்மூர் மார்கழிப் பனிக்குத் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் போதும். சீனத்தின் வடபகுதியிலும் ஜப்பானிலும் அப்படி இல்லை. குளிர்காலத்தில் அங்கே மல்பெரிச் செடியில் ஓர் இலை இருக்காது. பட்டுப்புழுவுக்கோ அந்த இலையை விட்டால் வேறு ஆகாரம் கிடையாது. பிறகு எப்படிப் பிழைத்தது? முட்டைக்குள்ளேயே தூங்கித்தான்.

தாய்ப்பூச்சி தான் முட்டையாக இருந்தபோது பட்ட சூட்டையும் வெளிச்சத்தையும் பொறுத்தே, அது இடும் முட்டை தூங்குமா, உடனே பொரியுமா என்பது அமைகிறது. தூங்கும் முட்டை இரண்டொரு நாளில் கறுத்துவிடும். கரு வளராமல் நிற்கும். உள்ளிருக்கும் மாவுச்சத்து, கிளிசரால் போன்ற பொருள்களாக மாறிக் குளிரைத் தாங்க உதவும். இரண்டு மூன்று மாதம் குளிர் பட்ட பிறகு, வெயில் ஏறினால்தான் விழிக்கும். அப்போது செடியும் துளிர்த்திருக்கும்.

இந்தத் தூக்கம் ஒரு வியாபாரத்தையே நடத்தியது. 1850களிலும் 60களிலும் பிரான்ஸ், இத்தாலி நாடுகளில் பட்டுப்புழுக்கள் நோயில் மடிந்தன. 1865இல் லூயி பாஸ்டர் அதை ஆராயப் போனார். அதே காலத்தில் இத்தாலிய வியாபாரிகள் ஜப்பானுக்குப் போய், அட்டைகளில் ஒட்டிய முட்டைகளை வாங்கிவந்தார்கள். முட்டை தூங்கியதால்தான் அந்த நெடும்பயணம் கைகூடியது.

நம் பக்கத்துக் கதை வேறு. 1780களில் திப்பு சுல்தான் வங்காளத்திலிருந்து புழு வரவழைத்து மைசூரில் பட்டுத் தொழிலை ஊன்றினார். மைசூர் ரகம் தூங்காது. பத்துப் பன்னிரண்டு நாளில் பொரிந்துவிடும். வருஷத்தில் ஐந்தாறு முறை வளர்க்கலாம். ஆனால் கூட்டில் கிடைக்கும் இழை 400 மீட்டருக்குள்தான். குளிர்நாட்டு ரகத்தில் சுமார் 1000 மீட்டர் வரும். இழை சிறிதானால் சேர்ப்பு அதிகம். பாவில் இழை அறுந்துகொண்டே இருந்தால் நெசவாளிக்கு அன்றைய கூலி போச்சு.

குளிர்நாட்டு ரகத்தை இங்கே வளர்க்க முட்டையை எழுப்பியாக வேண்டுமே, குளிருக்கு எங்கே போவது? ஜப்பானியர் வழி காட்டினார்கள். முட்டையிட்டு ஒரு நாள் ஆவதற்குள், சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலில் ஐந்தாறு நிமிஷம் முக்கினால் தூக்கமே வராது. இல்லையேல் குளிரறையில் 5 டிகிரியில் மாதக்கணக்கில் வைத்து, வேண்டும்போது எடுக்கலாம். 1906இல் டொயாமா என்ற ஜப்பானிய அறிஞர் கலப்பினப் புழுவின் மேன்மையை எடுத்துச் சொன்னார். பிறகு மைசூர்த் தாய்க்கும் குளிர்நாட்டுத் தந்தைக்கும் பிறந்த கலப்பின மஞ்சள் கூடு பரவியது. இன்று ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் வெண்கூடும் விளைகிறது.

அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டைத் தறிகளில் ஓடும் வெண்பட்டுப் பாவுக்குப் பின்னால் இத்தனை சங்கதி இருக்கிறது. கடுங்குளிர் இல்லாத நம் பக்கத்தில், அந்தப் புழுவுக்காக இன்றும் அறைக்குள் ஒரு குளிர்காலத்தை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள்.