ஆக்டோமோர் 2.2 ‘ஆர்ஃபியஸ்’

ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலுள்ள ப்ரூக்லாடி வடிசாலை 2009இல் வெளியிட்ட சிங்கிள் மால்ட் விஸ்கி. வயது 5 ஆண்டு, ஆல்கஹால் 61 விழுக்காடு. போர்பன் விஸ்கி இருந்த அமெரிக்க ஓக் பீப்பாய்களில் முதிர்ந்த பிறகு, பிரான்சின் பொமரோல் பகுதியைச் சேர்ந்த ஷாத்தோ பெட்ரூஸ் சிவப்பு ஒயின் இருந்த பீப்பாய்களுக்கு மாற்றி முடிக்கப்பட்டது. கடும் புகை விஸ்கியான ஆக்டோமோர் வரிசையில் ஒயின் பீப்பாய்க்கு இடம் பிடித்துக் கொடுத்த பதிப்பு இது.

வடிசாலையும் பெயரும்

ப்ரூக்லாடி, லாக் இன்டால் கடற்கழியின் மேற்குக் கரையில் 1881இல் ஹார்வி சகோதரர்கள் கட்டியது. 1994இல் மூடப்பட்டுக் கிடந்ததை மார்க் ரெய்னியர் தலைமையிலான குழு 2000ஆம் ஆண்டின் இறுதியில் விலைக்கு வாங்கி, அடுத்த ஆண்டே வாலைகளைச் சூடேற்றியது. போமோர் வடிசாலையில் நெடுங்காலம் பணியாற்றிய ஜிம் மெக்கெவன் உற்பத்திப் பொறுப்பேற்றார். ஐலாவின் மற்ற வடிசாலைகளில் பெரும்பாலானவை புகை விஸ்கிக்குப் பேர்போனவை. ப்ரூக்லாடியின் வழக்கமான விஸ்கியோ புகையே படாதது. அந்த வடிசாலையில்தான் 2002இல் ஆக்டோமோர் வடிக்கத் தொடங்கினார்கள். முதல் பதிப்பு 2008இல் வந்தது. போர்ட் ஷார்லட் ஊருக்கு மேலே, குன்றில் இருக்கும் ஆக்டோமோர் பண்ணையின் பெயர்தான் இதற்கு வைக்கப்பட்டது. அந்தப் பண்ணையிலேயே 1816இல் தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நின்றுபோன ஒரு சிறு வடிசாலை இருந்தது. 2012இல் ரெமி குவாந்த்ரோ நிறுவனம் ப்ரூக்லாடியை 5.8 கோடி பவுண்டுக்கு வாங்கியது.

புகை

சதுப்பு நிலத்தில் பாசியும் புதர்ச்செடிகளும் நீருக்கடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முழுதும் மட்காமல் படிந்து உருவாவது பீட். முளைவிட்ட பார்லியை, அதாவது மால்ட்டை, உலர்த்தும்போது சூளையில் பீட்டை எரித்தால், அதன் புகையிலுள்ள பீனால், கிரெசால், குவாயகால் போன்ற சேர்மங்கள் தானியத்தில் ஒட்டிக்கொள்ளும். தானியத்தின் மேல்தோல் ஈரமாக இருக்கும்வரை புகை நன்றாக ஏறும், காய்ந்துவிட்டால் ஏறாது. அதனால் ஆக்டோமோருக்கான மால்ட்டுக்குச் சூட்டைக் குறைத்து, நாட்கணக்கில் புகையூட்டுகிறார்கள்.

இந்தப் பீனாலின் அளவைப் பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள். ஐலாவின் மற்ற வடிசாலைகளான லகாவுலினின் மால்ட்டில் அது ஏறக்குறைய 35, ஆர்ட்பெக்கின் மால்ட்டில் 55. ஆர்ஃபியஸுக்குப் பயன்பட்ட மால்ட்டில் 140. பின்னாளில் வந்த ஆக்டோமோர் 8.3இல் இது 309.1 வரை போனது. ஆனால் இந்த எண் மால்ட்டின் எண், விஸ்கியின் எண் அல்ல. அரைத்து ஊறவைக்கும்போதும், நொதிக்கும்போதும், வடிக்கும்போதும் பீனாலில் பெரும்பகுதி போய்விடும். அதிலும் பீனால்கள் வடிப்பின் பிற்பகுதியில்தான் அதிகம் வரும். எந்த இடத்தில் ஓட்டத்தை வெட்டி ஒதுக்குகிறார்கள் என்பதைப் பொறுத்தே புகையின் தன்மை அமைகிறது. ப்ரூக்லாடியின் வாலைகள் கழுத்து நீண்டு உயர்ந்தவை. கனமான ஆவி மேலேறாமல் திரும்பி விழுந்துவிடும். எனவே 140 என்ற எண்ணைப் பார்த்து மிரண்டவர்கள் கோப்பையில் எதிர்பாராத மென்மையைக் காண்கிறார்கள். புட்டியின் மேல் பெரிதாக அச்சிடும் இந்த எண்ணை வைத்து விஸ்கியை எடைபோடுவது தவறு.

ஒயின் பீப்பாய்

ஸ்காட்ச் என்ற பெயருக்கு, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு முதிர வேண்டும் என்பது சட்டம். முன்பு வேறு பானம் இருந்த பீப்பாயைப் பயன்படுத்தலாம். ஒயினை நேரடியாகக் கலக்கக் கூடாது. முதலில் ஒரு பீப்பாயில் முதிரவிட்டு, கடைசிச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ வேறு பீப்பாயில் வைத்து முடிக்கும் முறையை 1980களில் பால்வெனி வடிசாலையின் டேவிட் ஸ்டூவர்ட் நிலைநிறுத்தினார்.

புகை விஸ்கிக்கு இம்முறை பொருந்துவதற்கு வலுவான காரணம் உண்டு. பீப்பாயில் ஆண்டுகள் கூடக் கூடப் புகை தணியும். புகை உச்சத்தில் இருக்கும்போதே புட்டியில் அடைக்க வேண்டுமானால் இளமையிலேயே எடுத்தாக வேண்டும். இளம் விஸ்கிக்கோ பழச்சுவையும் கனமும் போதாது. ஒயின் ஊறிய மரம் அந்தக் குறையை விரைவில் நிரப்புகிறது. பொமரோல் அடங்கிய போர்தோ வட்டாரத்தின் 225 லிட்டர் பீப்பாய்களில் பிரெஞ்சு ஓக்கின் துவர்ப்பும், மரத்தில் ஊறி நிற்கும் ஒயினும் இருக்கும். உட்புறத்தைக் கருக எரிக்கும் போர்பன் பீப்பாய் வனிலா வாசம் தரும். இளஞ்சூட்டில் வாட்டிய ஒயின் பீப்பாய் மசாலா வாசமும் சிவந்த நிறமும் தரும். ஆபத்தும் உண்டு. காலியான ஒயின் பீப்பாயைக் காக்கக் கந்தகம் எரிப்பது வழக்கம். அது மரத்தில் தங்கினால் விஸ்கியில் கெட்ட வாடை தொற்றும். அதிக நாள் வைத்தால் துவர்ப்பு மேலோங்கிவிடும்.

ஆர்ஃபியஸில் செயற்கை நிறம் இல்லை, குளிர்வித்து வடிகட்டும் வேலையும் இல்லை. கோப்பையில் தெரியும் இளஞ்சிவப்பு பீப்பாய் தந்தது. முகர்ந்ததும் முதலில் தாக்குவது பழைய ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அடிக்கும் லைசால் கிருமிநாசினியின் வாடை. இரண்டுக்கும் கிரெசாலே பொது. சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் காத்திருந்தால் அந்த வாடை விலகி, கறுத்த பெர்ரிப் பழங்களின் இனிப்பு மேலே வரும். தண்ணீர் சேர்க்காமல் குடித்தால் 61 விழுக்காட்டின் எரிச்சலில் பெட்ரூஸ் பீப்பாயின் பங்கு தெரியாமலே போகும்.

தொடர்ந்து வந்தவை

ஷாத்தோ திக்கெம் என்ற இனிப்பு வெள்ளை ஒயினின் பீப்பாய்களில் முடித்த 4.2 ‘கோமஸ்’ பின்னர் வந்தது. அதன் மால்ட்டின் பீனால் அளவு 167. 8 ஆண்டு முதிர்ந்த 8.2, முழுக்க ஐரோப்பிய ஒயின் பீப்பாய்களிலேயே வளர்ந்து, இத்தாலியின் அமரோனே பீப்பாயில் முடிந்தது. 8.3இலோ போர்பன் பீப்பாய் விஸ்கியோடு பிரான்சின் பொய்யாக், ரோன், பர்கண்டி பகுதிகளின் ஒயின் பீப்பாய்களில் வளர்ந்ததும் சேர்க்கப்பட்டது. அதன் பார்லி ஆக்டோமோர் பண்ணையிலேயே விளைந்தது.