ஒன்று, இரண்டு என்று பொறித்த துப்பாக்கிகள்

ஜோடித் துப்பாக்கிக்கு என்னிடம் விலை கேட்டு வருகிறவர்கள் பெட்டியைத் திறந்ததும் வேலைப்பாட்டைத்தான் காட்டுவார்கள். எஃகில் வெட்டிய ரோஜாக் கொத்தும் கொடிச் சுருளும் அழகுதான், மறுக்கவில்லை. என் கண் போவது நம்பருக்கு. சரிஜோடி மாடு தனித்தனியாக வாங்கிய இரண்டு மாட்டைவிடக் கூடுதல் விலை போகும் அல்லவா? அந்தக் கணக்குத்தான் இங்கும்.

இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்க, அதே போல் இன்னொன்று எதற்கு? 1851 லண்டன் கண்காட்சியில் பிரெஞ்சுக்காரர் லெஃபாஷோவின் துப்பாக்கி வைக்கப்பட்டது. குழலின் வாய் வழியாக மருந்து இடிக்க வேண்டாம். பின்பக்கம் மடக்கித் தோட்டாவைப் போட்டால் போதும். இங்கிலீஷ் கம்மியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெரிய எஸ்டேட்களில் ஆட்கள் வரிசையாக நின்று பறவைகளை விரட்ட, துரைமார் நின்ற இடத்திலிருந்தே சுடும் வழக்கமும் வளர்ந்தது. இரண்டு குழலும் தீர்ந்ததும் பின்னால் நிற்கும் ஆளிடம் கொடுத்துவிட்டு, அவன் தோட்டா போட்டு வைத்திருக்கும் மற்றதை வாங்க வேண்டும். வாங்கிய கைக்கும் தோளுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. அதனால்தான் ஒரே எடை, ஒரே நீளம், முடிந்தால் ஒரே வால்நட் மரத்துண்டில் அறுத்த கட்டைகள். அடையாளத்துக்குத் தங்கத்தில் 1, 2 என்று பதிப்பார்கள். ஃபிரெடரிக் பீஸ்லி என்ற கம்மியர் 1880இல் பர்டி கம்பெனிக்கு விற்ற காப்புரிமையும் இதே அவசரத்துக்கு உதவியதுதான்: லீவரைத் தள்ளியதும் துப்பாக்கி தானே திறந்துகொள்ளும். பர்டி இன்றும் அப்படித்தான் செய்கிறது.

1888 ஆகஸ்ட் 30 அன்று வால்சிங்ஹாம் பிரபு யார்க்‌ஷயர் மேட்டு நிலத்தில் ஒரே பகலில் 1,070 குரவுஸ் பறவைகளைச் சுட்டார். அதை வேட்டை என்று சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை. சென்னையில் மாநகராட்சிக் கட்டடத்துக்குப் பெயர் தந்த வைஸ்ராய் ரிப்பனின் மகன் அவரையும் மிஞ்சியவர். மற்றவர்கள் சுத்தியல் இல்லாத புது மாடலுக்குப் போன பிறகும், சுத்தியல் வைத்த மூன்று பர்டிகளையே அவர் விடவில்லை. ஆயுள் கணக்கு 5,56,813 உயிர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1923இல் வேட்டைக் களத்திலேயே இறந்தார்.

விலைக்கு வருவோம். அடுத்தடுத்த நம்பர் இருந்தால் மட்டும் நான் நம்பிவிடுவதில்லை. குழல், இயந்திரப் பகுதி, முன்கட்டை மூன்றிலும் ஒரே நம்பர் இருக்கிறதா என்று கழற்றிப் பார்ப்பேன். முன்கட்டை மட்டும் இடம் மாறியிருந்தால் பரவாயில்லை, மாற்றிப் போட்டுவிடலாம். குழல் மாறியிருந்தால் கதை வேறு. கம்பெனியின் பழைய பேரேட்டில் அந்த நம்பர் எந்த வருஷம், யாருக்காகச் செய்தது என்று இருக்கும். பிற்காலத்தில் ஒன்றுக்குத் துணையாக இன்னொன்றைச் செய்து சேர்த்திருந்தால் நம்பர்கள் நடுவே பெரிய இடைவெளி விழும், விலையும் இறங்கும்.

பிறகு குழலின் உள்ளே. பன்னிரண்டு போர் என்றால் உள்விட்டம் 0.729 அங்குலம். பின்பக்கத்திலிருந்து ஒன்பது அங்குலம் உள்ளே அளவுகோல் விட்டுப் பார்க்க வேண்டும். நம் கடற்காற்றில் துரு பிடித்து, அதைத் தேய்த்துத் தேய்த்தே குழல் அகன்றிருக்கும், சுவர் மெலிந்திருக்கும். பெரும்பாலும் 1 தான் தேய்ந்திருக்கும். தனியாகப் போகும் நாளில் கை அதைத்தான் எடுக்கிறது. 2 பெட்டியிலேயே இளமையாக இருக்கும்.

துருவைவிட அதிக ஜோடிகளைக் கெடுத்தது பாகப்பிரிவினை. பெரியவனுக்கு ஒன்று, சின்னவனுக்கு ஒன்று என்று உயிலில் எழுதிவிடுவார்கள். நியாயமாகத்தான் தோன்றும். சின்னவன் தன்னுடையதை விற்றுவிடுவான். பெரியவன் வீட்டில் பாதி காலியான தோல்பெட்டி இருக்கும். அதைக் கொண்டுவந்து ஜோடி விலை கேட்பவர்களிடம் பேசுவதுதான் என் தொழிலிலேயே கஷ்டமான பகுதி.

இந்தியாவில் சட்டமும் பிரித்தது. 1983 திருத்தத்தின்படி ஒருவர் மூன்று துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். 2019 திருத்தம் அதையும் இரண்டாக்கியது. பரம்பரைச் சொத்துக்கும் அதே வரம்புதான். ஜோடி தப்பித்தது, மூன்று கொண்ட செட் உடைந்தது. அப்படி உடைந்த ஒரு செட்டின் சொந்தக்காரர் 1ஐயும் 3ஐயும் வைத்துக்கொண்டு 2ஐ ஒப்படைத்திருந்தார். 3 கொஞ்சமும் தேயாமல் புதிதாக இருந்ததாம். ஒட்டி நிற்கும் எண்களைக் கேட்கிற உலகம் ஐயா இது என்று சொல்லிப் பார்த்தேன். சீட்டில் இரண்டு தனித் துப்பாக்கிகளின் விலையைத்தான் எழுத முடிந்தது.