சுவரில் எழுதிய ஆஸ்பத்திரிக் கணக்கு



அரசு ஆஸ்பத்திரி நிர்வாகக் குழு கூடும்போது நாமும் போய் உட்கார்ந்து கேட்கலாமா என்று பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

காஞ்சிபுரம் அருகே பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம் திருமுக்கூடல். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 1068 வாக்கில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. கோயிலோடு சேர்ந்து நடந்த ஆதுலசாலை, அதாவது மருத்துவமனையின் கணக்கு அதில் உள்ளது. படுக்கை 15. ஒரு மருத்துவர், ஓர் அறுவை மருத்துவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், நாவிதர், தண்ணீர் எடுப்பவர். யாருக்கு எத்தனை கலம் நெல், நோயாளிக்கு நாளைக்கு ஒரு நாழி அரிசி, இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் என எல்லாமே கல்லில் எழுதியிருக்கிறது.

அங்கே வைத்தியம் பெற்றவர்கள் கோயில் பணியாளர்களும் கல்விச்சாலை மாணவர்களும்தான். அந்தக் காலத்தில் எல்லோராலும் கோயிலுக்குள் போகவும் முடியாது, எல்லோருக்கும் படிக்கவும் தெரியாது. ஆனாலும் படிக்கத் தெரிந்த ஒருவர் சுவர் முன் நின்று, "நாழி அரிசி என்று இருக்கிறதே, ஏன் குறைகிறது?" என்று கேட்க வழி இருந்தது.

உத்திரமேரூர் குடவோலைப் பாடம் உங்களுக்கு நினைவிருக்கும். 921-ஆம் ஆண்டு, முதலாம் பராந்தகன் காலம். சபை முழுவதும் பார்க்க, குடத்திலிருந்து சிறுவன் ஓலை எடுப்பான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் வாரியத்துக்கு வர முடியாது.

இனி நம் காலம். 1994-இல் சூரத்தில் பிளேக் பீதி. அப்போது இந்தூரின் பெரிய அரசு மருத்துவமனையில் மக்கள் உதவியோடு எலிகளை ஒழித்துச் சுத்தம் செய்தார்கள். அந்த அனுபவத்தில் பிறந்தது ரோகி கல்யாண் சமிதி. 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் அதை நாடெங்கும் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் அதன் பெயர் நோயாளர் நலச் சங்கம். மக்கள் கைகொடுத்ததால் பிறந்த சங்கம் கூடுவது மக்களுக்கே தெரியாமல் போகலாமா?

அதே 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் பாருங்கள். ஒவ்வொரு பொது அமைப்பும் தன் வாரியங்கள், குழுக்களின் பட்டியலை வெளியிட வேண்டும். அவற்றின் கூட்டங்களுக்கு மக்கள் வரலாமா, கூட்டக் குறிப்புகளை மக்கள் பார்க்கலாமா என்பதையும் தானாகவே சொல்ல வேண்டும். கூட்டத்தைத் திறந்துதான் வைக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

நோயாளியின் பெயரும் நோயும் வெளியே வரக்கூடாது என்பது நியாயம். இங்கிலாந்தின் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கும் வழி வைத்திருக்கிறது. கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. ரகசியமான விஷயம் வந்தால் மட்டும், காரணம் சொல்லித் தீர்மானம் போட்டு மக்களை வெளியே இருக்கச் சொல்லலாம்.

பெண்ணாடத்தில் அவசரம் என்றால் நாம் ஓடுவது விருத்தாசலத்துக்கோ திட்டக்குடிக்கோதான். உங்களில் யாராவது 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள். "நோயாளர் நலச் சங்கக் கூட்டத்துக்கு நாங்கள் வரலாமா? இல்லையென்றால் கூட்டக் குறிப்புகளை எங்கே பார்க்கலாம்?" இந்த இரண்டு கேள்வி போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் இங்கே போடுங்கள், எல்லோரும் படிப்போம்.